வேலை ஓய்வுக்குப் பிறகு பல்லுக்குத் தனி இன்சூரன்ஸ் தேவையா?

போய்லர்மேன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு செம்பனை மில்லில் போய்லர் பார்க்கிறேன். அக்டோபரில் எனக்கு 60 முடிகிறது, அதோடு வேலையும் முடிகிறது. பல் செலவுக்குக் கம்பெனி ஆண்டுக்கு 400 வெள்ளி (ரிங்கிட்) வரை கொடுத்து வந்தது. அதுவும் நின்றுவிடும்.

போன வாரம் ஒரு ஏஜென்ட் தம்பி வீட்டுக்கு வந்தார். வேலை ஓய்வு பெறுகிறவர்கள் பல்லுக்கென்று தனியாக ஒரு இன்சூரன்ஸ் எடுத்தே ஆகவேண்டும் என்கிறார். மில்லில் என்னோடு ஷிப்டு பார்ப்பவரோ, 'உன்னிடம் மெடிக்கல் கார்டு (ஆஸ்பத்திரிச் செலவுக்கான இன்சூரன்ஸ்) இருக்கிறதே, பல்லும் அதிலேயே வரும்' என்று சிரிக்கிறார். அமெரிக்காவில் இருக்கும் என் மச்சான் மகள் இதைப் பற்றி ஒரு கட்டுரை அனுப்பியிருக்கிறாள். அதில் எடுக்கத்தான் வேண்டும் என்று போட்டிருக்கிறது. அங்கே உள்ள கணக்கு இங்கே பொருந்துமா என்று தெரியவில்லை.

என் வாய் நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். கீழே கடைவாய்ப்பல் மூன்று எப்போதோ போய்விட்டன. மேலே ஒன்று ஆடுகிறது. இனிப்புநீர் உண்டு, ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். மனைவிக்கு 57 வயது, ஒரு பல்கூட விழவில்லை. ஆனால் வெற்றிலை போடுகிற பழக்கம் உண்டு. இபிஎப் சேமநிதிப் பணத்தை வைத்துத்தான் இனிமேல் எல்லாம். எடுக்கலாமா, வேண்டாமா?


பழைய கிராணி எழுதியது:

தம்பி, முதலில் அந்த மெடிக்கல் கார்டோடு கொடுத்த புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுங்கள். பின்பக்கம் 'விலக்குகள்' என்று பொடி எழுத்தில் ஒரு பகுதி இருக்கும். அதில் பல் என்ற சொல் வரும் இடத்தைத் தேடுங்கள். இந்த நாட்டில் நான் பார்த்த மெடிக்கல் கார்டுகளில் எல்லாம் ஏறக்குறைய ஒரே வாசகம்தான்: பற்சிகிச்சையும் வாய் அறுவையும் கிடையாது, விபத்தில் நல்ல நிலையில் இருந்த சொந்தப் பல்லுக்கு அடிபட்டால் மட்டும் உண்டு. அதாவது மோட்டார் சைக்கிளில் விழுந்து பல் உடைந்தால் அவர்கள் கணக்கு, சொத்தை விழுந்தால் உங்கள் கணக்கு. உங்களோடு ஷிப்டு பார்ப்பவரையும் அவருடைய புத்தகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மச்சான் மகள் அனுப்பியது அங்கே உள்ள மெடிகேர் பற்றிய கட்டுரையாக இருக்கும். அமெரிக்காவில் 65 வயதானால் கிடைக்கிற அரசாங்க மருத்துவக் காப்புறுதி அது. 1965இல் சட்டம் போட்டபோதே வழக்கமான பல் வேலையை வெளியே வைத்துவிட்டார்கள். சுத்தம் செய்வது, அடைப்பது, பிடுங்குவது, பல் செட் எதுவும் சாதாரண மெடிகேரில் வராது. அதனால் அங்கே இருக்கிறவர்கள் தனியாக வாங்குகிறார்கள், அல்லது பல்லும் சேர்ந்த மெடிகேர் அட்வான்டேஜ் திட்டத்துக்குப் போகிறார்கள். நமக்கு அப்படி இல்லை. அரசாங்கப் பல் கிளினிக் இருக்கிறது. பதிவுக்கு 1 வெள்ளி, 60 தாண்டிய குடிமக்களுக்கு அதுவும் இல்லை. பிடுங்குவது, அடைப்பது, சுத்தம் செய்வது, கழற்றி மாட்டுகிற பல் செட் எல்லாம் அங்கேயே சொற்பக் காசில் நடக்கும். ஆகவே எந்த வேலையை அரசாங்கத்தில் செய்துகொள்வது, எதற்கு வெளியே போவது என்று பிரித்துப் பார்த்தாலே உங்கள் கேள்வியில் பாதி தீர்ந்துவிடும்.

வெளியே போகவேண்டி வருவது பெரும்பாலும் ஒரு காரியத்துக்குத்தான்: கடைவாய்ப்பல்லைக் காப்பாற்றுவது. வேர் சிகிச்சை, அதன்மேல் கிரவுன் என்கிற உறை. அரசாங்கத்தில் இதை நிபுணரிடம் அனுப்புவார்கள், வரிசை நீளம். வலியோடு இருக்கிறவன் அந்த வரிசையில் நிற்கமாட்டான். 'பிடுங்கிப் போடுங்க டாக்டர்' என்பான். தோட்டத்தில் 31 வருடம் செக்ரோல் (ஆள் கணக்கு) எழுதியவன் நான், எங்கள் ஆட்கள் எத்தனை பேர் இப்படிப் பிடுங்கிக்கொண்டு வந்தார்கள் என்று எனக்குத் தெரியும். சம்பளம் வருகிறபோதே அப்படி. சம்பளம் நின்ற பிறகு கேட்கவேண்டாம்.

சரி, என் கணக்கைச் சொல்கிறேன். எங்கள் கம்பெனியின் குழுக் காப்புறுதியில் ஓய்வு பெற்றவர்களும் சொந்தக் காசு கட்டித் தொடரலாம் என்று ஒரு வழி இருந்தது. ஆபீஸில் யாரும் தாமாக வந்து சொல்லவில்லை. நான் கடிதம் போட்டுக் கேட்டேன். ஆளுக்கு ஆண்டுக்கு 420 வெள்ளி. பில்லில் நூற்றுக்கு 80 அவர்கள் தருவார்கள், ஆண்டுக்கு 1,500 வெள்ளிக்கு மேல் போகக்கூடாது. சுத்தம் செய்வதும் அடைப்பதும் முதல் நாளிலிருந்து. வேர் சிகிச்சைக்கும் கிரவுனுக்கும் ஆறு மாதம் காத்திருக்கவேண்டும், பல் செட்டுக்கு ஒரு வருடம். தாடையில் பதிக்கிற இம்பிளான்ட் பல் கிடையவே கிடையாது.

முதல் வருடம் சுத்தம் செய்து ஒரு சொத்தை அடைத்ததில் பில் 280, வந்தது 224. இரண்டாம் வருடம் பில் 260, வந்தது 208. மூன்றாம் வருடம் வலது கீழ்க் கடைவாய்ப்பல் என்னைத் தூங்கவிடவில்லை. ஈப்போவில் வேர் சிகிச்சைக்கு 1,100, கிரவுனுக்கு 1,300. மொத்தம் 2,400. நூற்றுக்கு 80 என்றால் 1,920 வரவேண்டும், ஆனால் உச்சவரம்பு 1,500, அதோடு நின்றது. மூன்று வருடத்தில் நான் கட்டியது 1,260, வாங்கியது 1,932. எனக்கு 672 வெள்ளி மிச்சம். என் வீட்டுக்காரியும் 1,260 கட்டினார். சுத்தம் செய்ததைத் தவிர அவருக்கு வேறு வேலையே வரவில்லை, வருடம் 200 வீதம் 600தான் திரும்பியது. 660 நட்டம். இருவரையும் கூட்டினால் குடும்பத்துக்கு 12 வெள்ளி லாபம். அன்று இரண்டு பேரும் போய் ரொட்டி சானாய் சாப்பிட்டோம்.

லாபத்துக்காக இதை எடுக்காதீர்கள் என்று சொல்லத்தான் இந்தக் கணக்கு. அந்த 2,400 வெள்ளி பில்லை டாக்டர் முதலில் எழுதிக் காட்டியபோது, காப்புறுதி இல்லாவிட்டால் நான் அந்தப் பல்லைப் பிடுங்கச் சொல்லியிருப்பேன். 1,500 போக என் கையிலிருந்து 900 என்றதும் சரி என்றேன். மாதச் சம்பளம் இல்லாதவனுக்கு 2,400 வேறு, 900 வேறு. இன்னொன்று, காசு கட்டியாயிற்றே என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை இருவரும் போய் வாயைக் காட்டுகிறோம். முன்பு வலி வந்தால்தான் போவோம்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஆடுகிற பல்லும் விழுந்துபோன மூன்றும் புதிய காப்புறுதியில் பெரும்பாலும் வராது. எடுப்பதற்கு முன்பே இருந்த குறை என்று ஒதுக்கிவிடுவார்கள். ஆகவே அக்டோபருக்கு முன்னாலேயே அந்த 400 வெள்ளியைப் பயன்படுத்தி வாயை முழுக்கச் சரிபார்த்துவிடுங்கள். அந்தச் சலுகை மனைவிக்கும் உண்டா என்று கேளுங்கள். அப்புறம் ஏஜென்டிடம், 60 வயதில் புதிதாகச் சேர்ப்பார்களா, எந்த வயது வரை புதுப்பிப்பார்கள், ஏற்கனவே விழுந்த பல்லின் இடத்தில் பல் கட்டினால் தருவார்களா, வேர் சிகிச்சைக்குக் காத்திருப்பு எத்தனை மாதம், எந்தக் கிளினிக்குக்கும் போகலாமா அல்லது அவர்கள் பட்டியலில் உள்ளதற்கு மட்டுமா என்று கேளுங்கள். சுங்கை சிப்புட்டிலோ கோலகங்சாரிலோ ஒரு கிளினிக்கூட பட்டியலில் இல்லை, எல்லாம் கோலாலம்பூர் என்றால், பஸ் காசுக்கே சரியாகப் போய்விடும். வாயால் சொல்கிற பதில் வேண்டாம், எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். மருத்துவக் காப்புறுதியில் கையில் பத்திரம் கிடைத்த பிறகும் 15 நாளைக்குள் வேண்டாம் என்று திருப்பித் தரலாம். இதற்கும் அது உண்டா என்று அதையும் கேட்டு வையுங்கள்.

கடைசியாக ஒன்று. மெடிக்கல் கார்டின் கட்டணம் ஏறுகிறது என்று அதை நிறுத்திவிட்டுப் பல்லுக்கு வாங்கிவிடாதீர்கள். 2024 டிசம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா தலையிட்டு, கட்டண உயர்வை குறைந்தது மூன்று வருடத்துக்குப் பரப்பி வசூலிக்கச் சொன்னது. அப்படியும் பாரம்தான். ஆனால் இதய அடைப்புக்கு முன்னால் பல் வலி ஒன்றுமே இல்லை.


மூன்றாம் மைல் எழுதியது:

12 வெள்ளிக்கு இவ்வளவு பாரமா கிராணி ஐயா? 🙂 நான் அமானா சஹாம் மலேசியா யூனிட் டிரஸ்டில் மாதம் 70 வெள்ளி போடுகிறேன், எனக்கும் மனைவிக்கும் பல், கண்ணாடி, செருப்பு எல்லாம் அதில்தான். பல் கெடாவிட்டால் காசு என்னிடமே இருக்கும், லாப ஈவும் வரும். இன்சூரன்ஸ்காரன் திருப்பித் தருவானா? பிடுங்குவதற்கும் சுத்தம் செய்வதற்கும் அரசாங்கக் கிளினிக். காலையில் சீக்கிரம் போனால் பசியாற வீட்டுக்கு வந்துவிடலாம்.


பழைய கிராணி எழுதியது:

உங்களைப் போல் ஆள் என்றால் நான் மறுக்கவே மாட்டேன். மாதம் 70 என்றால் வருடம் 840, அதாவது நாங்கள் இருவரும் கட்டுகிற அதே தொகை. கணக்கு சரிதான். இரண்டு இடத்தில்தான் இடிக்கும். முதல் வருடமே 2,400 பில் வந்தால் உங்கள் புத்தகத்தில் 840தான் இருக்கும். அடுத்தது, பேரனுக்கு லேப்டாப் வாங்க அந்தப் பணத்தில் கை வைக்காமல் இருக்கவேண்டும். நீங்கள் இருப்பீர்கள். எங்கள் வீட்டில் அது நடக்காது, பேரன் வந்து தாத்தா என்றாலே போதும்.

பல் முக்கால்வாசி போய்விட்டவர்களுக்கு நானும் உங்கள் வழியைத்தான் சொல்வேன். காப்பாற்றப் பல் இல்லாத வாய்க்கு ஆண்டுக்கு 420 கட்டுவது வீண். அவருக்குத் தேவை நல்ல பல் செட், அது அரசாங்கத்திலேயே கிடைக்கும்.


பல் மிஸ்ஸி எழுதியது:

போய்லர்மேன் அண்ணே, நான் அரசாங்கப் பல் மருத்துவப் பிரிவில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். காப்புறுதிக் கணக்கை கிராணி ஐயா போட்டுவிட்டார், வாயைப் பற்றி நான் சொல்கிறேன்.

இனிப்புநீர் இருக்கிறவர்களுக்கு ஈறு நோய் சீக்கிரம் வரும், வந்தால் வேகமாகப் பரவும். ஈறு கெட்டால் சர்க்கரையும் கட்டுக்குள் வராது. இரண்டும் ஒன்றையொன்று பிடித்து இழுக்கும். உங்கள் ஆடுகிற பல்லுக்கும் ஈறுதான் காரணமாக இருக்கும் என்பது என் சந்தேகம், டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறீர்களா? கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதார கிளினிக்) நிறையப் பேருக்குக் கொடுக்கிற மாத்திரை அது. சிலருக்கு அதனால் ஈறு வீங்கி வளரும். சிலருக்கு வேறு மாத்திரைகளால் வாய் உலர்ந்துபோகும், உமிழ்நீர் குறைந்தால் பல்லின் வேரோரத்தில் சொத்தை வரும். மாத்திரைப் பட்டியலைப் பல் டாக்டரிடம் காட்டாமல் நாற்காலியில் உட்காராதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் பல் பிடுங்கப்போகிறோம் என்று தாங்களாகவே மருந்தை நிறுத்தக்கூடாது, கொடுத்த டாக்டரைக் கேட்கவேண்டும். எலும்புத் தேய்வுக்கு அலென்ட்ரோனேட் போன்ற மாத்திரை எழுதிக் கொடுத்தால், அதைத் தொடங்கும் முன்பே பிடுங்கவேண்டிய பல்லைப் பிடுங்கிவிடுவது நல்லது. அந்த மருந்தில் இருக்கும்போது பிடுங்கினால் சிலருக்குத் தாடை எலும்பு ஆறாமல் போவது உண்டு.

ஜப்பானில் 1989இல் 80 வயதில் 20 பல் என்று ஒரு இயக்கம் தொடங்கினார்கள். 20 சொந்தப் பல் இருந்தால் பெரும்பாலான உணவை மென்று சாப்பிடலாம் என்பதுதான் கணக்கு. உங்களுக்கு இன்னும் அதைவிட அதிகம் இருக்கும் போலிருக்கிறது. காப்பாற்ற வேண்டிய வாய்தான்.

அக்காவைப் பற்றித்தான் எனக்குக் கவலை. பல் ஒன்றுகூட விழவில்லை என்பதால் வாய் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்தியது, புகையிலை சேர்க்காத வெறும் பாக்குக்கும் அது பொருந்தும். தோட்டங்களுக்குப் போய் வெற்றிலை போடுகிற பாட்டிமார்களின் வாயைப் பார்த்திருக்கிறோம். கன்னத்தின் உட்புறம் வெள்ளைத் திட்டு இருக்கும், வலிக்காது, அதனால் கண்டுகொள்ளமாட்டார்கள். சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வாய் முழுசாகத் திறக்க முடியாமை, இவற்றில் எது இருந்தாலும் உடனே காட்டவேண்டும். இதற்கு எந்த இன்சூரன்ஸும் வேண்டாம், அரசாங்கப் பல் கிளினிக்கில் பார்ப்பார்கள். அக்டோபர் வரை காத்திருக்கவும் வேண்டாம்.


போய்லர்மேன் எழுதியது:

மிஸ்ஸி, அம்லோடிபின்தான். இவ்வளவு நாள் யாரும் சொல்லவில்லை. மனைவியிடம் படித்துக் காட்டினேன், முதலில் கோபம், அப்புறம் கண்ணாடி முன்னால் போய் நின்றார்.

ஒரு சந்தேகம். இப்போது காட்டி ஏதாவது எழுதிவிட்டார்கள் என்றால், பிறகு எடுக்கிற காப்புறுதியில் அதை ஒதுக்கிவிட மாட்டார்களா? முதலில் எடுத்துவிட்டு அப்புறம் காட்டலாமா என்று ஏஜென்ட் தம்பி மெதுவாகக் கேட்கிறார்.


பழைய கிராணி எழுதியது:

அந்தத் தம்பியை அடுத்த முறை வாசலோடு அனுப்பிவிடுங்கள். விண்ணப்பத்தில் கேட்கிற கேள்விக்குத் தெரிந்ததை மறைத்தால், பில் பணம் கேட்டுக் கோரிக்கை வைக்கிற நாளில் பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்து மறுத்துவிடுவார்கள். அப்போது அவர் வேறு கம்பெனியில் இருப்பார். திட்டு இருந்தால் அதைப் பார்ப்பதுதான் முதல் வேலை. அதை ஒதுக்கிவிட்டு மற்றதற்குக் கொடுத்தாலும் நட்டமில்லை. ஒழுங்காக எல்லாம் எழுதிக் கொடுத்தும் அநியாயமாக மறுத்தால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் போடுங்கள். அங்கே நியாயம் கிடைக்காவிட்டால் இப்படிப்பட்ட புகார்களை விசாரிக்கிற நிதிச் சந்தைகளுக்கான ஒம்பட்ஸ்மன் சேவை என்று ஒன்று 2025இலிருந்து இருக்கிறது, நமக்கு அங்கே காசு கேட்கமாட்டார்கள்.


ஹீவூட் பேத்தி எழுதியது:

நான் கோலாலம்பூரில் கணக்காய்வு வேலை பார்க்கிறேன், அம்மா அப்பா ஊரில். வருமான வரியைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். போய்லர்மேன் அங்கிள், நீங்கள் வேலையில் இருக்கும் இந்த வருடம் வரி கட்டுகிறவர் என்றால், உங்கள் சொந்தப் பல் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் 1,000 வெள்ளி வரை கழிவு உண்டு. 2024 வரி ஆண்டிலிருந்து இது இருக்கிறது. மலேசியப் பல் மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்ற டாக்டரின் ரசீது வேண்டும். கம்பெனி திருப்பித் தந்த பணத்துக்குக் கேட்கக்கூடாது, உங்கள் கையிலிருந்து போனதற்கு மட்டும்.

ஓய்வுக்குப் பிறகு பிள்ளைகள் செலவு செய்தால் பெற்றோர் மருத்துவச் செலவு என்று 8,000 வெள்ளி வரை அவர்கள் கழிக்கலாம். ஆனால் அதில் பல் என்றால் பிடுங்குவது, அடைப்பது, சுத்தம் செய்வது மட்டும்தான். வேர் சிகிச்சை, கிரவுன், பல் செட் சேராது. அப்பாவின் கிரவுனுக்குக் கழிவு கேட்கலாம் என்று ஆசையோடு விளக்கக் குறிப்பைத் திறந்த எனக்கு முகம் சுருங்கிவிட்டது. செலவு அதிகமான மூன்றும்தான் வெளியே.

இன்னொன்று. எங்கள் பக்கம் வீட்டிலேயே மலிவாகப் பல் செட் செய்து தருகிற ஆள் ஒருவர் இருந்தார். அப்படிப்பட்டவரிடம் போகாதீர்கள். 2018ஆம் ஆண்டு பல் மருத்துவச் சட்டப்படி அது குற்றம். அவருடைய ரசீதை இன்சூரன்ஸும் ஏற்காது, வரி வாரியமும் ஏற்காது. அவர் ரசீது தருவதும் இல்லை.


போய்லர்மேன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. முடிவு இதுதான். மில் ஆபீஸில் கேட்டேன், ஓய்வு பெற்றவர்கள் தொடரும் வழி எங்கள் கம்பெனியில் இல்லை. 400 வெள்ளியில் மனைவிக்கும் பங்கு உண்டு என்றார்கள், எனக்கு அதுவே தெரியாது. அடுத்த செவ்வாய் இரண்டு பேரும் அரசாங்கக் கிளினிக்குப் போகிறோம், முதலில் அவர் வாயைப் பார்க்க. எனக்கு ஈறு வேலையைக் கம்பெனிக் கணக்கில் வெளியே செய்துகொள்கிறேன். ஆடுகிற பல் நிற்குமா என்று அவர்களே சொல்லட்டும்.

இன்சூரன்ஸ் மனைவி பேரில் மட்டும் எடுக்கலாம் என்று நினைக்கிறேன். அவருக்குத்தான் காப்பாற்ற முழு வாயும் இருக்கிறது, வயதும் 60க்குக் கீழே. திட்டு எதுவும் இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகு. எனக்கு மூன்றாம் மைல் அண்ணன் சொன்ன மாதிரி மாதம் 35 தனியாகப் போட்டுவிடுகிறேன். கிராணி ஐயா, கோரிக்கை வைக்கும்போது என்னென்ன தாள் வேண்டும்?


பழைய கிராணி எழுதியது:

மனைவி பேரில் மட்டும் என்பது நல்ல யோசனை, எனக்கே தோன்றவில்லை. தாள் என்றால் ரசீதின் அசல், டாக்டர் கையெழுத்துப் போட்ட கோரிக்கைப் படிவம், பெரிய வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரே. பெரிய வேலை என்றால் தொடங்கும் முன்பே மதிப்பீட்டை அனுப்பி அனுமதி வாங்கிவிடுங்கள். ரசீதில் 'பல் சிகிச்சை' என்று மொட்டையாக எழுதினால் திருப்பி அனுப்புவார்கள், எந்தப் பல் என்று எண் போடச் சொல்லுங்கள். என் வலது கீழ்க் கடைவாய்ப்பல்லுக்கு எண் 46. எல்லாவற்றையும் அனுப்பும் முன் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.